பதின்மூன்று சதவீதச் சாணி

மண்வளப் பாதுகாப்பு அலுவலகம் ஆண்டுக்கு நானூறு சுற்றறிக்கை அனுப்பும். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது யாரையும் ஒன்றும் செய்யாது. படிப்பவர் இருந்தால்தானே செய்வதற்கு? மிச்சமிருந்த அந்த ஒன்றை, போதாத காலம், கள ஆய்வாளர் படித்துவிட்டார். படித்த வேகத்தில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வழியில் முதலில் கண்ணில் பட்ட எருக்குவியலுக்கு முன்னால் வந்து நின்றார்.

அந்தக் குவியல் வெள்ளந்தியுடையது. வெள்ளந்தி என்பது ஊரார் வைத்த பெயர். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் சந்தேகப்படுவார் என்பதால் வந்தது. இரண்டு ஏக்கர் நிலம், நான்கு மாடு, பதினைந்து ஆடு, ஒரு மனைவி. சந்தேகப்படும் வேலையை உடனுக்குடன் செய்ய மனைவி இருந்ததால் இதுவரை குடும்பம் தப்பித்து வந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஓராண்டுச் சாணியும் ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் இலைதழையும் ஆள் உயரத்துக்கு மக்கிக் கிடந்தன. முதல் மழைக்கு முன்னால் அதை வயல் முழுக்க இறைத்து உழுதுவிட வேண்டும். மழைக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கும், அதற்கு மேல் தாங்காது. ஒரு வருடம் எரு போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று வெள்ளந்திக்கு நன்றாகவே தெரியும். அவருடைய அப்பா காலத்தில் மூட்டை உரத்தை மட்டும் கொட்டிக் கொட்டி அந்த நிலம் சிமெண்டுத் தரையாகிப் போயிருந்தது. மண்வெட்டி போட்டால் கைதான் அதிர்ந்தது. அதை மறுபடி மண்ணாக்க அவருக்கு ஏழு வருடம் பிடித்தது. இப்போது கையால் தோண்டினாலே மண்புழு தென்படும். அதைப் பார்ப்பதற்கென்றே காலையில் ஒரு நடை போய்வருவார்.

"இது என்னது?" என்றார் கள ஆய்வாளர்.

"எருங்க."

"அது தெரியுது. லேபிள் எங்க?"

வெள்ளந்தி திருதிருவென்று விழித்தார். லேபிளை மாடு தின்றிருக்குமோ என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

"தயாரிப்பாளர் யாரு?"

வெள்ளந்தி கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். கள ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். செவலைப் பசு அசைபோட்டபடி அவரைத் திருப்பிப் பார்த்தது.

"மொத்தம் எத்தனை பேரு?"

"நாலு மாடு, பதினஞ்சு ஆடுங்க."

"கூட்டுத் தயாரிப்பு" என்று எழுதிக்கொண்டார். "தயாரிப்புத் தேதி?"

"அது தினமும் போடுதுங்களே."

"தினமும்னு எழுத இடமில்ல. ஒரே ஒரு தேதி சொல்லுங்க."

வெள்ளந்தி வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொன்னார். அது ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாளில் தயாரிக்க அனுமதி உண்டா என்று கள ஆய்வாளர் கேட்டார். மாட்டுக்கு விடுமுறை கிடையாது என்றதும் தொழிலாளர் நலன் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"காலாவதித் தேதி?"

"அப்படியெல்லாம் எதுவும் இல்லீங்க. நாளாக நாளாகத்தான் நல்லா இருக்கும்."

"நாளாக நாளாக நல்லா இருக்கும்னா, இப்ப நல்லா இல்லன்னுதானே அர்த்தம்?" கள ஆய்வாளர் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில் குறிப்பேட்டை மூடினார். "ஒரு டன்னுக்கு மேல, சான்றிதழ் இல்லாம உரம் வெச்சிருக்கீங்க. இது சட்டவிரோத இருப்பு. சீல் வைக்கணும்."

அரக்கை உருக்கிச் சாணியின் மேல் ஊற்றி முத்திரையை அழுத்தினார். ஒட்டவில்லை. இரண்டாவது முறை முத்திரையே உள்ளே போய்விட்டது. அதைத் துழாவி எடுத்து மூக்கைச் சுளித்துக்கொண்டு கழுவிய பிறகு, நான்கு மூலையிலும் குச்சி நட்டு மஞ்சள் நாடாவைச் சுற்றிக் கட்டினார். சத்தம் கேட்டு வெள்ளந்தியின் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"எங்க மாடு போட்டதை எங்க வயல்ல போட எவன் சான்றிதழ் தரணும்?"

"கோவப்படாதீங்கம்மா. இது உங்க நன்மைக்குத்தான். இயற்கை விவசாயம் வளரணும்னு அலுவலகம் கொண்டுவந்த திட்டம்."

"வளரணும்னா எதுக்குச் சுத்திக் கட்டுறீங்க?"

"கட்டுப்பாடு இல்லாம வளர்ந்தா அது இயற்கை ஆகாதும்மா" என்றார் கள ஆய்வாளர். சும்மா சொல்லக்கூடாது, அவர் அதை மனதார நம்பினார்.

மறுநாள் வெள்ளந்தி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். துணை இயக்குநரின் அறையில் ஜன்னல்கள் எல்லாம் அறைந்து சாத்தப்பட்டிருந்தன. வெளியே இருக்கும் வயல்களிலிருந்து வாடை வருகிறதாம். உள்ளே சுவரில் மாட்டியிருந்த ஒரு சின்னப் பெட்டி கால் மணிக்கு ஒரு தடவை உஸ்ஸென்று எதையோ பீய்ச்சியது. பெட்டியின் மேல் 'மண் மணம்' என்று எழுதியிருந்தது. வெள்ளந்திக்குத் தும்மல் வந்தது.

துணை இயக்குநரை அவர் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார். மீசை நரைத்திருந்ததே தவிர ஆள் அவர்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் அப்பாவின் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, சாணியைத் தொடுவது காட்டுமிராண்டித்தனம் என்று ஒலிபெருக்கியில் பேசி, நான்கு மூட்டை உரத்தை இறக்கிவிட்டுப் போன இளைஞர். அப்பாவின் எருக்குழியை அவரே முன்னால் நின்று மூட வைத்தார்.

"ஐயா, அப்ப எருவே கூடாதுன்னு சொன்னீங்களே" என்று வெள்ளந்தி தயங்கித் தயங்கிக் கேட்டார். குத்திக்காட்டும் நோக்கம் இல்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

"அது அன்னைக்கு அறிவியல்."

"இப்ப எருதான் வேணும்னு சொல்றீங்க."

"இது இன்னைக்கு அறிவியல்."

"நாளைக்கு?"

"சுற்றறிக்கை வரும்" என்றார் துணை இயக்குநர். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எதிரே ஒருவர்தான் இருக்கிறார் என்பதை மறந்து கூட்டத்தில் பேசும் குரலில் ஆரம்பித்தார். "நாப்பது வருஷமா இந்த அலுவலகம் மண்ணைக் காப்பாத்திக்கிட்டு வருது. முதல் முப்பது வருஷம் எருகிட்ட இருந்து காப்பாத்தினோம். பத்து வருஷமா உரத்துகிட்ட இருந்து காப்பாத்துறோம். ரெண்டுக்கும் ஒரே ஆட்கள், ஒரே கட்டடம், ஒரே ஜீப்பு. இவ்வளவு சிக்கனமா வேற எந்த அலுவலகமாவது மாத்தி யோசிச்சிருக்கா? நாங்க எதைக் கெடுத்தோமோ அதையே திரும்பச் சரி பண்றோம். அனுபவம் இல்லாதவனால அது முடியுமா? எங்க கெட்டுதுன்னு எங்களுக்குத்தானே தெரியும்!"

வெள்ளந்தி தலையாட்டினார். கேட்கும்போது எல்லாம் சரியாகவே பட்டது. சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, மூன்று படிகள் என்று பதில் வந்தது. தயாரிப்பாளர் உறுதிமொழி, ஆய்வக அறிக்கை, பிறகு பரிசீலனை.

வெளியே வரும்போது நடைபாதையில் அலுவலகத் தோட்டக்காரர் அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். அலுவலகத்து முன்புறம் ரோஜாச் செடிகள் கை அகலப் பூவோடு நின்றன. பக்கத்தில் 'துறையின் தொழில்நுட்பத்தால் வளர்ந்தவை' என்று பலகை.

"அந்தக் குவியல் உங்களுதுதானே? ரெண்டு கூடை கிடைக்குமா?"

"சீல் வெச்சிருக்காங்களே."

"முன்பக்கந்தானே நாடா கண்ணுல படும். நான் பின்பக்கமா வந்து அள்ளிக்கிறேன். ஐயாவுக்குத் தெரிய வேணாம், அவருக்கு இந்த ரோஜான்னா உயிரு."

இரண்டு நாள் கழித்துக் கள ஆய்வாளர் மைப்பெட்டியோடு வந்தார். தயாரிப்பாளர் தன் பொருளில் இரசாயனம் கலக்கவில்லை என்று கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம் என்று விதியில் இருக்கிறது. கை இல்லாதவர் பற்றி ஒன்றும் இல்லை. எனவே கால்நாட்டு என்று முடிவாயிற்று. இடது காலா, வலது காலா, முன்னங்காலா, பின்னங்காலா என்பதும் விதியில் இல்லாததால், பின்னால் கேள்வி வரக்கூடாதென்று நான்கையும் எடுத்துவிடுவது பாதுகாப்பு என்றார் கள ஆய்வாளர். பத்தொன்பது உருப்படிக்கு எழுபத்தாறு கால்.

ஆடுகளைத் துரத்திப் பிடிப்பதிலேயே ஒரு பகல் போயிற்று. மாலையில் செவலையின் முறை வந்தது. உறுதிமொழியைக் கள ஆய்வாளர் அதற்கு வாசித்துக் காட்டினார், புரிந்துகொண்டு சம்மதிப்பதாக இருக்க வேண்டுமாம். 'என் தயாரிப்பு தூய இயற்கையானது' என்ற வரி வந்தபோது செவலை வாலைத் தூக்கியது. படிவம் கீழேதான் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

வெள்ளந்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். கள ஆய்வாளர் சற்று யோசித்துவிட்டு, படிவத்தின் ஓரத்தில் 'தயாரிப்பாளர் கூடுதல் ஆவணம் ஒன்றை இணைத்துள்ளார்' என்று எழுதி, அப்படியே மடித்துப் பையில் வைத்தார். அந்தப் படிவம் இன்றும் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அங்கே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகும் ஒரே ஆவணம் அதுதான்.

ஆய்வகத்துக்கு ஒரு பாட்டிலில் எரு கொண்டுபோனார் வெள்ளந்தி. அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் இருந்தாள். அந்தக் கட்டடத்திலேயே எதையாவது கையால் தொட்டு வேலை பார்ப்பவள் அவள் ஒருத்திதான். மூன்றாம் நாள் முடிவைச் சொன்னாள்.

"தழைச்சத்து, அதான் நைட்ரஜன், அரை சதவீதம் இருக்குங்க. நல்ல எரு. இந்த வருஷம் நான் பார்த்ததுலயே இதுதான் நல்லா இருக்கு."

வெள்ளந்திக்கு முகமெல்லாம் பல்லாயிற்று.

"ஆனா ஃபெயில். குறைஞ்சது பன்னெண்டு இருக்கணும்."

"பன்னெண்டா?"

அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தர அட்டவணையை எடுத்துக் காட்டினாள். பழைய மூட்டை உரத்துக்குப் போட்ட அட்டவணைதான். தலைப்பில் 'இரசாயன' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே 'இயற்கை' என்று எழுதியிருந்தார்கள். கீழே இருந்த எண்களை யாரும் தொடவில்லை.

"எந்த மாடும் பன்னெண்டு போடாதுங்க" என்றாள் மெதுவாக. "போட்டா அந்த மாடு உயிரோட இருக்காது. நான் எழுதிக் கொடுத்தேன். உங்க வேலை அளக்குறதுதான், அளவு வைக்கிறது இல்லன்னு பதில் வந்துச்சு."

வெள்ளந்தி அந்த முடிவைக் கொண்டுபோய்ச் சொன்னபோது துணை இயக்குநர் அசரவில்லை. "இதுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். பச்சை இலை படம் போட்டு 'இயற்கைத் தர உயர்த்தி' என்று எழுதிய மூட்டை. வாயைப் பிரித்ததும் வெள்ளை வெளேரென்று குருணை. வெள்ளந்தி ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். அந்த வழவழப்பும் விரல் நுனியில் ஏறிய ஜில்லிப்பும் அவருக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம்.

"யூரியாங்களா இது?"

"பேரு மாறிடுச்சு."

"உள்ள இருக்கிறது?"

"உள்ள இருக்கிறதுக்கு இன்னும் உத்தரவு வரல."

"அப்படின்னா… உரத்தைக் கலந்தா எரு இயற்கை. கலக்காட்டி இயற்கை இல்லைங்களா?"

"கொச்சையாப் பேசாதீங்க" என்றார் துணை இயக்குநர், நிஜமாகவே மனம் புண்பட்டு. "இயற்கைக்குன்னு ஒரு தரம் இருக்கு. உங்க எரு அதுக்கு எட்டல. அது உங்க மாட்டோட குறை, எங்களோட குறை இல்ல. நாங்க கை கொடுத்துத் தூக்கி விடுறோம். ஒரு பங்கு எருவுக்கு அரைப் பங்கு இதைக் கலந்து கொண்டு வாங்க, சுத்த இயற்கைன்னு நானே கையெழுத்துப் போடுறேன்."

வெள்ளந்தி மூட்டையோடு வீடு திரும்பினார். மழைக்கு ஐந்தாறு நாள்தான் இருக்கும் போலிருந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அந்த மூட்டை வாசப்படி தாண்டக்கூடாது" என்றாள் மனைவி. "ஏழு வருஷம் முதுகொடிஞ்சு பண்ணின மண்ணு. அதுல மறுபடி இதைக் கொட்டவா?"

"கொட்ட மாட்டேன். பாட்டில்ல மட்டும் கொஞ்சமா கலந்து காட்டிட்டு வந்துடுறேன். சான்றிதழ் வந்தா நாடாவை அவுத்துடுவாங்க. குவியல்ல கை வைக்க மாட்டேன்."

"பொய்தானேங்க அது?"

"ஒரே ஒரு பாட்டில் பொய்தான்."

அவள் உள்ளே போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாவது பாட்டிலில் பதின்மூன்று சதவீதம் வந்தது. ஆய்வகத்துப் பெண் பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "உங்க மாடுதானே?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்றார் வெள்ளந்தி. அதற்கு மேல் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அவராலும் முடியவில்லை. பதின்மூன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நாடாவை அவிழ்ப்பார்கள் என்று வீட்டில் காத்திருந்தார். அவிழ்க்கவில்லை. துறை வரலாற்றிலேயே தேறிய முதல் எரு இதுதான் என்பதால் விழா எடுக்கப்போகிறார்களாம். சான்றிதழை விழாவில்தான் கொடுப்பார்களாம். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். அடுத்த நாள் குவியலைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, மேலே தகரக் கூரை வைத்தார்கள். அந்தத் துறை கட்டியதில் ஒழுகாத கூரை அது ஒன்றுதான்.

அதற்கும் அடுத்த நாள் மச்சான் வந்தார். மச்சான் என்றால் வெள்ளந்தியின் மனைவிக்கு அண்ணன், பக்கத்து வயல்காரர். முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்ளே, என் குவியலுக்கும் சீல் வெச்சுட்டானுங்க. எனக்கு மட்டுமில்ல, இந்தப் பக்கம் முப்பது குவியலுக்கும் வெச்சாச்சு."

"ஏன் மச்சான்?"

"உன்னாலதான். உன் எருவுல பதிமூணு இருக்காம். ஒருத்தர் மாடு பதிமூணு போடும்போது மத்த மாடுங்களுக்கு என்ன கேடுன்னு கேக்குறானுங்க. பன்னெண்டுன்னு இருந்ததைப் பதிமூணுன்னு தூக்கிட்டானுங்க. இல்லாட்டி அந்த இலை போட்ட மூட்டையை வாங்கிக் கலக்கணுமாம்." மச்சான் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். செவலைக்கு என்ன தீனி போடுற?"

மச்சான் அப்பாவியாக வெள்ளந்தியின் கண்ணைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் சான்றிதழ் ரத்தாகும், குவியல் அப்படியே கிடக்கும், மழை வந்துவிடும். சொல்லாவிட்டால் முப்பது வயலில் அந்தக் குருணை விழும். முப்பது பேரும் இவருடைய மாட்டைப் பார்த்துத் தங்கள் மாட்டைத் திட்டுவார்கள்.

"சும்மா… புல்லுதான் மச்சான்" என்றார்.

மச்சான் கொட்டகைக்குப் போய்ச் செவலையைச் சுற்றி வந்து, பின்பக்கம் கொஞ்ச நேரம் மரியாதையோடு நின்று பார்த்துவிட்டுப் போனார். வாசலில் நின்ற மனைவி அண்ணன் போவதைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு பாட்டில்னீங்க" என்றாள்.

விழா அன்று வானம் தலைக்கு மேலேயே வந்து நின்றது. வெள்ளந்தியின் களத்தில் நாற்காலிகள், ஒலிபெருக்கி, குவியலுக்கு ரிப்பன். முப்பது விவசாயிகளும் வந்திருந்தார்கள். வராவிட்டால் சீல் நீடிக்கும் என்று அலுவலகக்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். துணை இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் குவியலைப் பாருங்க! இது வெறும் சாணின்னு நினைக்காதீங்க. சாணி எங்கயும் கிடைக்கும், அதுக்கு அலுவலகம் எதுக்கு? இதுல எங்க உழைப்பு இருக்கு. எத்தனை படிவம், எத்தனை கையெழுத்து, எத்தனை பயணப்படி! மாடு ஒரு தடவைதான் போட்டுச்சு, நாங்க பதினோரு தடவை பரிசீலனை பண்ணோம். அப்போ இது யாரோட தயாரிப்பு? நீங்களே சொல்லுங்க!"

கள ஆய்வாளர் மட்டும் கை தட்டினார்.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வெள்ளந்தியின் கையில் கொடுத்தார்கள். புகைப்படம் எடுத்து முடித்ததும் வெள்ளந்தி துணை இயக்குநரின் காதருகே குனிந்தார்.

"ஐயா, நாடாவை அவுத்துடலாமுங்களா? மழைக்கு முன்னாடி வயல்ல இறைக்கணும்."

"வயல்லயா?" துணை இயக்குநர் பதறிப்போனார். "என்னய்யா சொல்றீங்க? சான்று பெற்ற எரு மண்ணுல படவே கூடாது. பட்டா கலப்படம் ஆயிடும், சான்றிதழ் செல்லாது. இது இங்கயேதான் இருக்கும். பார்வையாளருங்க வருவாங்க. நீங்கதான் சுத்திக் காட்டணும்."

"அப்ப என் வயலுக்கு?"

"அதான் மூட்டை தர்றோமே."

எதைக் கேட்டாலும் படுத்த பிறகுதான் வெள்ளந்திக்குச் சந்தேகம் வரும் என்று சொன்னோம். அன்றைக்கு நின்ற இடத்திலேயே வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. மைக் இன்னும் பக்கத்தில்தான் இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பேச ஆரம்பித்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். மச்சான், நீங்க முதல்ல மன்னிக்கணும். எங்க மாடு பதிமூணு போடல. எந்த மாடும் போடாது. எங்க எருவுல அரைதான் இருந்துச்சு. அந்தப் பாட்டில்ல நான் இவங்க கொடுத்த யூரியாவைக் கலந்தேன். கலக்கச் சொன்னதும் இவங்கதான். உங்க மாடுங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

துணை இயக்குநர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு, "விவசாயி எவ்வளவு தன்னடக்கமா நம்ம துறையோட பங்கை எடுத்துச் சொன்னாரு பார்த்தீங்களா!" என்று முதல் ஆளாகக் கை தட்டினார். விழாக் குறிப்பில் 'பயனாளி நெகிழ்ந்து நன்றி கூறினார்' என்று பதிவாயிற்று. அடுத்து அவர் துறையின் வருங்காலத் திட்டங்கள் என்ற நாற்பது பக்க உரையைப் பிரித்தார்.

அவர் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது மச்சான் எழுந்தார். நேராக வெள்ளந்தியிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று வெள்ளந்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"செவலையைச் சுத்திச் சுத்திப் பார்க்க வெச்சுட்டியேடா" என்றார் மச்சான். "ஊரே சிரிக்கும். அது கிடக்கட்டும், வண்டி இருக்கா? என் குவியல்ல ஆரம்பிக்கவா, உன் குவியல்லயா?"

"உங்களுது முதல்ல மச்சான்."

"கூடையை எடுங்க ரெண்டு பேரும், வாயாலயே அள்ளுறீங்க" என்றாள் மனைவி. கம்பிவேலியின் ஒரு பக்கத்தைச் சாய்த்துவிட்டு, மஞ்சள் நாடாவை அவள் ஏற்கெனவே அரிவாளால் அறுத்துவிட்டிருந்தாள். ரிப்பனையும் சேர்த்துத்தான்.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். துணை இயக்குநர் பதினேழாம் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தபோது எதிரே காலி நாற்காலிகளும் கள ஆய்வாளரும்தான் மிச்சம். 'திரளாகக் கூடியிருக்கும் விவசாயப் பெருமக்களே' என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததால் அதையும் வாசித்துவிட்டுத்தான் மேலே போனார். அந்தப் பகலும் மறுநாள் பகலும் முப்பத்தொரு குவியலும் வண்டிவண்டியாக வயலுக்குப் போயின. ஒருவர் அள்ள, ஒருவர் இறைக்க, பின்னாலேயே ஏர் ஓடியது. கடைசி வயலில் உழுது முடித்து மாட்டை அவிழ்க்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வெள்ளந்தி நனைந்துகொண்டே வரப்பில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார். நல்லவேளை, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

மழை விட்ட மறுநாள் காலையில் கள ஆய்வாளர் பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வயலுக்கு வந்தார். கையில் ஒரு சாக்குப் பை, ஒரு உத்தரவு. நடுவயலில் நின்று வாசித்தார். சான்று ரத்தான எருவை உடனடியாகப் பறிமுதல் செய்து, மண்ணிலிருந்து பிரித்தெடுத்து, முத்திரையிட்டு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். மண்ணுக்குச் சேதம் வரக்கூடாது.

"எவ்வளவுங்க எடுக்கணும்?" என்று கேட்டார் வெள்ளந்தி, தன்னால் ஆன உதவியைச் செய்ய நினைத்து.

"ஆள் உயரம்னு கோப்புல இருக்கு."

மனைவி விதைக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள். கள ஆய்வாளர் குனிந்து, கறுப்பாக ஒரு பிடி அள்ளிச் சாக்கில் போடப் போனார்.

"அது மண்ணு சார்" என்றாள்.

கீழே போட்டுவிட்டு வேறு இடத்தில் ஒரு பிடி அள்ளினார். அதில் ஒரு மண்புழு நெளிந்தது.

"அதுவும் மண்ணுதான்."

"இது?"

"மண்ணு."

கள ஆய்வாளர் நிமிர்ந்தார். சேற்றில் அவருடைய செருப்பு ஒன்று புதைந்துபோயிருந்தது. "அப்போ எரு எங்கதாம்மா போச்சு?" என்று கேட்டார், கிட்டத்தட்ட அழும் குரலில்.

"இனிமே எல்லாம் மண்ணுதான் சார். கொஞ்சம் ஓரமா நில்லுங்க, விதைக்கணும்."